ஒப்புக்குச் சப்பாணி இல்லாத வகுப்பு

இடைவேளைக்கு மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குள் போய்விடாதீர்கள். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, விளையாட்டுத் திடல் தெரிகிற பக்கமாக ஒரு மர நிழலில் நில்லுங்கள். பிள்ளைகள் மணலில் காலால் கோடு இழுத்துக் கிளித்தட்டுக்கு ஆள் பிரிப்பார்கள். இரண்டு தலைவர்கள். முதலில் நல்ல ஓட்டக்காரர்கள் போவார்கள், பிறகு கூட்டாளிகள், அதற்கும் பிறகு கூட்டாளிகளின் சொந்தக்காரர்கள். கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சி நிற்கும். அதைப் பார்த்து ஒருவன் பெரிய மனது வைத்துச் சொல்லுவான்: "சரி வா, நீ ஒப்புக்குச் சப்பாணி."

அந்தப் பிள்ளை ஓடும், சிரிக்கும், வியர்க்கும். ஆனால் கிளி அதை அடிக்காது. கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தாலும் கணக்கில் சேராது. ஆட்டத்துக்குள் இருந்துகொண்டே ஆட்டத்தில் இல்லாமல் இருப்பதற்கு நம் பிள்ளைகள் வைத்த பெயர் இது. சப்பாணி என்ற சொல்லே நடக்க முடியாதவரைக் குறிப்பது என்பதைக் கவனியுங்கள். கேலி சொல்லிலேயே பதிந்து கிடக்கிறது. உட்படுத்தல் கல்வி பற்றி நான் பல பயிற்சிப் பட்டறைகளில் இருந்திருக்கிறேன். அங்கே படம் போட்டு விளக்கியதைவிட இந்த ஒரு வழக்கு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறது.

நமது வகுப்பறையும் இதைத்தான் செய்கிறது. பிள்ளை இடாப்பில் இருக்கிறது. சட்டமும் துணைக்கு இருக்கிறது. வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 1997இல் வந்த ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்றது; 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. ஆகவே பிள்ளை வருகிறது, மூலை வாங்கில் இருக்கிறது, கொப்பியில் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறது. ஒரு கிழமை வராமல் விட்டால் வகுப்பில் என்ன நின்றுபோகும்? ஒன்றும் நிற்காது என்பது பதிலானால், அந்தப் பிள்ளை நம் வகுப்பின் ஒப்புக்குச் சப்பாணி.

தரம் 6 முதல் 9 வரை படிப்பிக்கும் உங்களுக்கு இந்த அத்தியாயம் ஒரே ஒரு வேலையைத்தான் தருகிறது: ஒவ்வொரு பிள்ளையும் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகும்படி வகுப்பை மாற்றி அமையுங்கள். இரக்கம் பற்றிய பேச்சைக் கொஞ்சக் காலம் ஒத்திவைக்கலாம்.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை

முதலில் உங்கள் வகுப்பை ஊரோடு சேர்த்துப் படியுங்கள். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கிறது நம் கட்டைபறிச்சான். 2002 போர்நிறுத்த காலத்தில் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே இருந்த வாசல் இது. மூதூர்ப் பட்டினத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போனார்கள். 2006இல் போர் மறுபடி மூண்டபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கத்துச் சனம் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு நடந்தது. 2007இல் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. திரும்பி வந்தவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் நலன்புரி முகாம்களில் தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்காக இருந்தார்கள். 2015, 2016இல்தான் சொந்தக் காணிக்குப் போக முடிந்தது.

இன்று உங்கள் முன்னால் இருக்கிற 11 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு இதில் எதுவும் நினைவில் இராது. சிலர் முகாமில் பிறந்து, நடை பழகும் வயதில் வெளியே வந்தவர்கள். ஆனால் சொற்கள் நினைவைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. "முகாம் ஆக்கள்" என்று வீட்டில் பெரியவர்கள் சாதாரணமாகச் சொன்னதைப் பிள்ளை கேட்டிருக்கும். அடுத்த நாள் அழிறப்பர் தொலைந்தால் அந்தச் சொல் வகுப்பில் வந்து விழும்.

இன்னொரு வரிசையும் உண்டு. மூதூர் கிழக்கிலிருந்து வெருகல், வாகரை வரைக்கும் தமிழ் பேசும் கரையோர வேடர் குடிகள் இருக்கின்றன. கடலும் காடும் தெரிந்த சனம். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே இவர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால், "வேடன்" என்ற சொல் சமய பாடத்தில் கண்ணப்ப நாயனாருக்குப் பெருமையாகவும் அடுத்த வாங்கில் வசையாகவும் ஒரே நாளில் ஒலிப்பதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அந்த முரணைப் பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள். "கண்ணப்பரைக் கும்பிடுறம். அப்ப ஏன் இந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறம்?" வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். இருக்கட்டும்.

தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை, ஒரு காது மந்தமான பிள்ளை, தகப்பனோடு வலை இழுக்கப் போய்விட்டு மூன்றாம் பாடவேளையில் தூங்கும் பிள்ளை என்று வரிசை நீளும்.

வகுப்பில் இல்லாதவர்கள் யார்? சில கிலோமீற்றர் தள்ளி மூதூரில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகள். அதே மொழி, அதே அரசாங்கப் பாடநூல், அதே பரீட்சை. பள்ளிக்கூடம் வேறு, நோன்பு விடுமுறையால் தவணைக் கால அட்டவணையும் வேறு. ஒரே பஸ்ஸில் நெருங்கி இருந்து பயணம் செய்யும் இரண்டு பிள்ளைகள் ஒருவருடைய பெயரை மற்றவர் அறியாமல் பதினெட்டு வயது வரை வளர்ந்துவிடலாம். இதை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனாலும் செய்வதற்கு ஒன்றிரண்டு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

'பாவம்' என்ற சொல்

ஒத்துணர்வைப் படிப்பிக்கத் தொடங்கும் ஆசிரியர் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது கொடுமையோடு என்று நினைப்பார். என் அனுபவத்தில் அது 'பாவம்' என்ற சொல்லோடு. "டீச்சர், அவனுக்குக் கேக்காது, பாவம்." சொல்லும் பிள்ளைக்கு நல்ல மனதுதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவனுடைய வேலை முடிந்துவிடுகிறது. கேட்காதவனுக்குக் கேட்காமலே இருக்கும்.

ஒரு கிழமைக்கு இப்படிச் செய்து பாருங்கள். யாராவது 'பாவம்' என்றால், கோபிக்காமல், "சரி, அதுக்கு என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும். இரண்டாம் நாளே பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நான்காம் நாள் ஒருத்தி, "சேர், நீங்க பலகையைப் பாத்துக்கொண்டு கதைக்கிறீங்க, அதான் அவனுக்கு விளங்குதில்ல" என்று உங்களையே பிடிப்பாள். பிடித்தால் பாடம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொன்னது சரி. காது மந்தமான பிள்ளை பாதியைக் கண்ணால் கேட்கிறது. ஆகவே சில ஏற்பாடுகள், காசு செலவில்லாதவை: யன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். பலகையில் எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். பிள்ளையை முன்னுக்கு, ஆனால் ஒரு ஓரமாக இருத்துங்கள். நடுவில் முன்வாங்கில் இருந்தால் பின்னால் பேசுகிறவர்களின் முகத்தை அது பார்க்க முடியாது. பேசுகிற பிள்ளை கையை உயர்த்திவிட்டுப் பேசட்டும், எங்கே பார்ப்பது என்று இவனுக்குத் தெரியும். பின்வாங்கிலிருந்து வரும் கேள்வியை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். மழை தகரத்தில் அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு பலகையில் எழுதுங்கள், அது எல்லாருக்கும் நல்லது.

இவற்றை நீங்களே செய்துவிடாமல், முதலில் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு மகன்" என்று கேட்கும் தவறைச் செய்ய வேண்டாம். தனியாகக் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 7இல் கால் இழுத்து நடக்கும் மாணவி ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்கார, நல்ல குணமுள்ள பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, "நீதான் இவளுக்குத் துணை" என்று நியமித்தேன். அவள் பையைத் தூக்கினாள், தண்ணீர்ப் போத்தலை நிரப்பினாள், கேள்விக்குப் பதிலும் சொன்னாள். பரிசளிப்பு விழாவில் அவளுக்கு ஒரு பாராட்டும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் தவணையில் ஒரு நாள் மற்றவள் என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்: "சேர், என்ட பையை நானே தூக்கட்டா?" நான் ஒருத்தியைத் தாதியாக்கி, மற்றவளை நோயாளியாக்கி வைத்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்கு விளங்கவில்லை. இருவரும் கூட்டாளிகளாக வர இருந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

துணை வேண்டுமென்றால் சுற்று முறையில் எல்லாருக்கும் வரட்டும். அந்தப் பிள்ளையின் முறையும் வரட்டும். அவளும் யாருக்கோ துணையாக இருக்கட்டும்.

ஆளுக்கொரு துண்டு

இனி முழுப் பாடம் ஒன்று. இதன் சூத்திரம் நம்முடையதில்லை. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்கப் பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வகுப்பறையில் சண்டை மூண்டது. எலியட் அரொன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒற்றுமை பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்திக் கை உயர்த்தும் போட்டிதான் நெருப்புக்கு எண்ணெய் என்று கண்டு, பாடத்தைத் துண்டுகளாக வெட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். முழுப் பாடமும் வேண்டுமென்றால் மற்றவனிடம் கேட்டே ஆக வேண்டும். கேலி செய்தால் நட்டம் கேலி செய்கிறவனுக்கு.

இதை நம் ஊர்க் கதையோடு செய்வோம். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் நின்ற இடமும் நினைவுக் கல்லும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1659 கடைசியில் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரையும் அவருடைய மகன் ரொபேர்ட் நொக்ஸையும் வேறு சிலரையும் பிடித்துப் போனார்கள். மகனுக்கு 19 வயது. வகுப்பை ஐந்து பேர் கொண்ட தாய்க் குழுக்களாகப் பிரியுங்கள். ஐந்து துண்டுக் கடதாசிகள்:

முதலாவது, கப்பலும் குடாவும்: ஏன் வந்தார்கள், காற்றுக்கு ஒதுங்க இந்தக் குடா ஏன் நல்லது, மகாவலி எங்கே கடலில் விழுகிறது.

இரண்டாவது, பிடிபட்ட கதை.

மூன்றாவது, ஊரவர்கள். அரசன் கைதிகளை ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைத்து, அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பை அந்தந்த ஊரார் தலையில் போட்டான்.

நான்காவது, நொக்ஸின் வாழ்க்கை. 1661இல் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். பாஷை சரியாகத் தெரியாத ஊரில் அந்தப் பையன் அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. பிறகு தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வீடு கட்டினான்.

ஐந்தாவது, 1679இல் கூட்டாளி ஒருவரோடு காட்டு வழியே மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியதும், 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய புத்தகமும்.

ஒரே இலக்கத் துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடிப் படித்து, எப்படிச் சொல்வது என்று பழகுவார்கள். பிறகு தாய்க் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு நான்கு நிமிடம் சொல்வார்கள். கடைசியில் ஐந்து துண்டிலிருந்தும் கேள்வி வரும். ஒரு பாடவேளை 40 நிமிடத்தில் இது முடியாது. இரட்டைப் பாடவேளை வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். வாங்குகளை நகர்த்தும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை.

ஒன்றைக் கவனியுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இரக்கப்பட்டு ஆகச் சிறிய, ஆக இலேசான துண்டைக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுத்தால் அதே ஒப்புக்குச் சப்பாணிதான், ஆசிரியர் கையால். ஒன்றுகூடிப் பழகும் நேரம் இருப்பதே அந்தப் பிள்ளைக்காக. அது துண்டை வாசிக்காமல், கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு தாய்க் குழுவில் சொல்லலாம். வலை பின்னத் தெரிந்த பிள்ளைக்கு நொக்ஸ் தொப்பி பின்னிய நான்காம் துண்டு கிடைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கையால் செய்து காட்டும். தாய்க் குழுவில் நாலு தலையும் குனிந்து அந்தக் கையைப் பார்க்கும்.

முதல் முறை குழப்பமாகத்தான் இருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பொறுமை இழந்து மற்றவனுடைய துண்டைப் பறித்து வாசிக்கப் பார்க்கும். "அவனிட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நான்கைந்து கிழமை விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

பாடத்தின் கடைசிக் கேள்வியாக இதை வையுங்கள்: அந்த ஊரார் நொக்ஸுக்குப் பத்தொன்பது வருடம் சோறு போட்டார்கள், அவன் அந்த ஊரவனா? ஒரு பக்கம் "சோறு போட்டது பெரிய காரியம்" என்று வாதாடும். மறு பக்கம் "அரசன் சொன்னபடியாப் போட்டாங்க, போக விடல்லையே" என்னும். யாரோ ஒரு பிள்ளை, "முகாமிலயும் நிவாரணம் குடுத்தாங்கதானே" என்று சொல்லலாம். சொன்னால் அவசரப்பட்டு விளக்கம் கொடுக்காதீர்கள்.

எடுத்துக்கொண்டு போன பொருள்

2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் போயின. அதே கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் வெருகல் பக்கம் போயின. இரண்டு வீட்டிலும் அந்த நடை பற்றிய கதை இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையில் நாங்கள் மட்டும் நடக்கிறோம், அவர்கள் வீட்டுக் கதையில் அவர்கள் மட்டும்.

தரம் 8, 9 பிள்ளைகளோடு இதைச் செய்யலாம். வீட்டில் பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி: "வீட்டை விட்டு வெளிக்கிட்ட நேரம் என்ன சாமானைக் கையில எடுத்தீங்க?" உறுதிக்கட்டு, தையல் மெசின் தலை, சாமிப் படம், கோழிக்குஞ்சு, அரிசிப் பானை, ஒற்றைச் செருப்பு என்று பதில்கள் வரும். அந்தப் பொருளைப் பிள்ளை ஒரு தாளில் கீறி, கீழே மூன்று வரி எழுதட்டும். பெயர் வேண்டாம். யார் சுட்டார்கள், யார் செத்தார்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். பொருள் வழியாகப் போனால் பிள்ளை தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் கதை வரும். இடம்பெயராத வீடு என்றால், அந்த நாட்களில் வந்து தங்கியவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கலாம். வீட்டில் பேச விருப்பமில்லை என்றால் பிள்ளை வேறு எதையும் கீறலாம், காரணம் கேட்கக்கூடாது. ஒரு பிள்ளை அழுதால் பக்கத்தில் இருங்கள். நீங்கள் உளவளத்துணையாளர் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். தொடர்ந்து கலங்கிய பிள்ளையை வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

மூதூரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் இருந்தால், அவரும் தன் வகுப்பில் இதையே செய்யட்டும். இரண்டு கட்டுத் தாள்களையும் கலந்து இரண்டு பள்ளிக்கூடத்திலும் மாறி மாறி ஒட்டுங்கள். எந்தத் தாள் எந்த ஊர் என்று பிள்ளைகள் ஊகிக்கப் பார்ப்பார்கள். வாப்பா, உம்மா என்ற சொல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அரிசிப் பானையும் தையல் மெசினும் காட்டிக்கொடுக்காது.

சொற்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். முஸ்லிம் பிள்ளை அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிட்டால் நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. அதட்ட வேண்டாம். நம் வீட்டில் அண்ணனைக் கூப்பிடும் சொற்களையும் ஒரு பக்கம் எழுதி, காக்கா, நானா, ராத்தா என்று மறு பக்கம் எழுதி, ஒவ்வொன்றும் யாரைக் குறிக்கிறது என்று ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். கேலி அரை மணித்தியாலத்தில் மொழிப் பாடமாக மாறிவிடும்.

அதிபர் சம்மதித்தால் வருடத்துக்கு இரண்டு நாள் இரு வகுப்புகளையும் நேரில் சேர்க்கலாம். மட்டக்களப்பில் 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் நடந்துகொண்டிருந்த வருடங்களிலேயே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கூட்டியது. களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று கைக்கு வேலை கொடுத்தார்கள். சமாதானம் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தால் பிள்ளைகள் இரண்டு வரிசையாக இருந்து கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். களிமண்ணைக் கொடுத்தால் தண்ணீர் வாளிக்காகவாவது மற்றவனிடம் பேசியாக வேண்டும்.

நூலகத்தில் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' கிடைத்தால் தரம் 9க்கு வாசித்துக் காட்டுங்கள். மூதூர்க்காரர், ஆசிரியராக இருந்தவர். தோணிக்கு ஆசைப்படும் மீனவக் குடும்பத்துப் பையனின் கதை. கடற்கரைப் பிள்ளைக்கு அது தன் கதை. கமக்காரப் பிள்ளைக்கு, பக்கத்து வாங்கில் தூங்குகிறவன் ஏன் தூங்குகிறான் என்பது தெரியவரும்.

கைவைக்க வேண்டாத சில

1968இல் அமெரிக்காவின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், பிள்ளைகளை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்து, ஒரு நிறத்தார் உயர்ந்தவர்கள், மற்றவர்கள் தாழ்ந்தவர்கள் என்று ஒரு நாளும் அடுத்து மறுதலையாகவும் வகுப்பை நடத்தினார். உலகப் புகழ் பெற்ற பாடம். இணையத்தில் பார்த்துவிட்டு நம் ஆசிரியர்கள் சிலர் செய்ய ஆசைப்படுகிறார்கள். செய்யாதீர்கள். தாழ்த்தப்படுவது எப்படி இருக்கும் என்று அறிய நம் பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அது வீட்டுக் கதை.

கண்ணைக் கட்டி நடக்கவிட்டுப் பார்வையற்றவரின் கஷ்டத்தை உணர்த்தும் விளையாட்டையும் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவனுக்குத் தெரிவது பயம் மட்டும். வருடக்கணக்காகப் பழகிய ஒருவருடைய திறமை அதில் தெரியாது. பிள்ளை, "ஐயோ பாவம்" என்றுதான் முடிக்கும். அந்தச் சொல்லைத்தான் ஒரு கிழமையாக வெளியே அனுப்பப் பாடுபட்டோம்.

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசெம்பர் 3 வந்தால் விசேட தேவையுள்ள பிள்ளையை மேடையேற்றி மாலை போட்டுப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பாடத் தெரிந்தால் தமிழ்த் தினப் போட்டியில் பாடட்டும், தோற்கட்டும், வெல்லட்டும்.

கேலிக்கும் அடிதடிக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே ஒன்று மட்டும்: பிரம்போடு ஒத்துணர்வு படிப்பிக்க முடியாது.

மறுபடி இடைவேளைக்கு வருவோம். ஆள் பிரிக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். தலைவர்கள் தெரிவு செய்ய வேண்டாம். வரிசையில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒன்றுகள் ஒரு பக்கம், இரண்டுகள் மறு பக்கம். எண்ணுவதற்கு முன் இடம் மாறி நிற்கும் தந்திரத்தைப் பிள்ளைகள் ஒரு நாளில் கண்டுபிடிப்பார்கள். எண்ணத் தொடங்கும் முனையை நீங்கள் மாற்றுங்கள். மெதுவாக ஓடுகிற பிள்ளைக்காக விதியை மாற்றலாமா என்று கேட்டால், பிள்ளைகளிடமே விடுங்கள். ஒரு வகுப்பு தன் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே தூரத்தைக் குறைத்துக்கொண்டது. இன்னொரு வகுப்பு, கால் இழுத்து நடக்கும் பையனைக் கிளியாகவே நிறுத்தியது; அவனுக்குக் கை நீளம், யார் எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவான்.

சில கிழமை போன பிறகு ஒரு நாள் திடலில் பெரிய சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால், முன்பு ஒப்புக்கு நின்ற பிள்ளையைச் சுற்றி ஒரு கூட்டம். "நீ அவுட்! கிளி தொட்டது!" "தொடல்ல! சட்டையிலதான் பட்டது!" "சட்டையில பட்டாலும் அவுட்டுத்தான்!" அந்தப் பிள்ளை முகம் சிவந்து, கண் கலங்கி, மண்ணைக் காலால் உதைத்துக்கொண்டு சத்தம் போடும். உங்களைக் கண்டதும் இரண்டு பக்கமும் தீர்ப்புக் கேட்டு ஓடிவரும். "சேர் காணல்ல" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடியுங்கள்.